லினக்ஸ் கருனியில் எஸ்.பி.ஐ. நார் இயக்கிகளின் எளிமையாக்கம்

லினக்ஸ் கருனியில் பிளாஷ் நினைவகச் சில்லுகளை நேரடியாகக் கையாளும் பகுதி எம்.டி.டி. எனப்படுகிறது. ரவுட்டர் போன்ற சிறு கருவிகளில், மின்சாரம் வந்ததும் முதலில் இயங்கும் நிரல் பெரும்பாலும் எஸ்.பி.ஐ. நார் வகைச் சில்லில் பதிந்திருக்கும். இயக்கியின் பிழையால் அந்நிரல் அழிந்தால் கருவி மீண்டும் இயங்காமலே போகலாம். எனவே இவ்வியக்கிகள் எளிமையாகவும் சரிபார்க்கத் தக்கவையாகவும் இருப்பது அவசியம்.

சில்லின் இயல்பு

பிளாஷ் நினைவகத்தில் எழுதும்போது 1 என்னும் பிட்டை 0 ஆக்க மட்டுமே முடியும். அதை மீண்டும் 1 ஆக்க ஒரு தொகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். நார் சில்லுகளில் இத்தொகுதி பொதுவாக 4 அல்லது 64 கிலோபைட்டு. ஒரே முறையில் எழுதும் பக்கம் பொதுவாக 256 பைட்டு. எழுதும் முன் அனுமதிக் கட்டளை அனுப்ப வேண்டும். பின்னர் வேலை முடியும்வரை சில்லின் நிலையைப் படித்துப் பார்க்க வேண்டும். 3 பைட்டு முகவரியால் 16 மெகாபைட்டு வரைதான் எட்ட முடியும். அதைவிடப் பெரிய சில்லுகளில் 4 பைட்டு முகவரிக்கு மாறும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது.

முந்தைய சிக்கல்

தொடக்கத்தில் இந்த விவரங்கள் எம்25பி80 என்ற இயக்கிக்குள் இருந்தன. அது சாதாரண எஸ்.பி.ஐ. கட்டுப்படுத்திகளுக்கானது. பிளாஷை வேகமாகப் படிப்பதற்கென்றே தனிக் கட்டுப்படுத்திகள் வந்தபோது, ஒவ்வொன்றின் இயக்கியும் அதே விவரங்களைத் திரும்ப எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது. இவ்வாறு எழுதினால், ஓர் இயக்கியில் திருத்திய பிழை மற்றொன்றில் அப்படியே தங்கிவிடும்.

எளிமையாக்கப் படிகள்

2014இல் வெளியான 3.16 பதிப்பில், சில்லைப் பற்றிய அறிவு எஸ்.பி.ஐ. நார் என்ற பொதுச் சட்டகமாகப் பிரிக்கப்பட்டது. 2018இல் 4.18 பதிப்பில் எஸ்.பி.ஐ. மெம் என்ற இடைமுகம் வந்தது. இதில் கட்டளை, முகவரி, காத்திருப்புச் சுழற்சிகள், தரவு ஆகிய நான்கும் ஒரே செயலாகத் தரப்படுகின்றன. கட்டுப்படுத்தியின் இயக்கி அச்செயலை நிறைவேற்றினால் போதும். மறுமுனையில் எந்தச் சில்லு உள்ளது என அறியத் தேவையில்லை. எஸ்.பி.ஐ. நாண்ட் சில்லுகளுக்கும் இதே வழி பயன்படுகிறது. 2019இல் 5.4 பதிப்பில் எம்25பி80 நிரல் பொதுச் சட்டகத்துடன் இணைக்கப்பட்டு, தனி இயக்கியாக இல்லாமல் போனது.

சில்லுகளின் பட்டியல்

ஒவ்வொரு புதிய சில்லின் அளவையும் திறன்களையும் கருனியின் பட்டியலில் சேர்ப்பது மற்றொரு சுமை. ஜெடெக் அமைப்பின் எஸ்.எஃப்.டி.பி. தரப்படி, சில்லு தன் அளவு, அழிக்கும் கட்டளைகள், வேகப் படிப்பு முறைகள் ஆகியவற்றைத் தனக்குள்ளேயே அட்டவணையாக வைத்திருக்கும். லினக்ஸ் 2017 முதல் இதைப் படித்துப் பயன்படுத்துகிறது.

ஆனால் சில சில்லுகளின் அட்டவணையிலேயே பிழைகள் உள்ளன. ஆகவே விதிவிலக்குகளை முற்றிலும் நீக்க இயலவில்லை. 2020 முதல் அவை நிறுவனவாரியாகத் தனிக் கோப்புகளில் வைக்கப்படுகின்றன. இதனால் ஒரு நிறுவனத்தின் சில்லுக்காகச் செய்யும் திருத்தம் பிற நிறுவனங்களின் சில்லுகளைப் பாதிக்கும் வாய்ப்பு குறைகிறது.