நாற்காலியை விட்டு நாணற்காட்டுக்கு

"கால் காசு என்றாலும் கவர்மெண்டு உத்தியோகம்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். இன்று அந்த அரசாங்க உத்தியோகத்தின் பக்கத்திலேயே, குளிர்சாதன அறையும் கணினியும் சுழல் நாற்காலியும் கொண்ட பெரிய கம்பெனி வேலையும் வந்து அமர்ந்துவிட்டது. மாதம் பிறந்தால் சம்பளம், பண்டிகை வந்தால் போனஸ், முதுமைக்கு வைப்பு நிதி. இத்தனையும் உள்ள ஒரு வேலையை ஒருவர் தாமாகவே ராஜினாமா செய்துவிட்டு, "காட்டுக்குப் போய் யானையையும் நாரையையும் படம் பிடிக்கப் போகிறேன்" என்றால் நாம் என்ன சொல்வோம்? பைத்தியம் என்போமா, துணிச்சல் என்போமா?

பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. தேர்வு முடிந்ததும் எந்தக் குரூப் எடுப்பது என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். "உனக்குப் பிடித்ததைப் படி" என்று ஒரு குரல் கேட்கும். "குடும்ப நிலையை நினைத்துப் படி" என்று மற்றொரு குரல் கேட்கும். இரண்டுமே அன்பிலிருந்து வரும் குரல்கள்தாம். ஆகவே, உத்தியோகத்தை விட்டுக் காட்டுக்குச் சென்ற சிலர் உண்மையில் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போமா, தோழியரே?

முன்னோடி ஒருவர்

இந்தத் துறையில் முதலில் நினைக்க வேண்டியவர் நம் தமிழ் மண்ணில் பிறந்த மா. கிருஷ்ணன் அவர்கள். 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ. மாதவையாவின் மகன் இவர். 1912ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். தாவரவியலும் சட்டமும் பயின்றார். இன்றைய கர்நாடகத்தில் உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் பல பொறுப்புகளை வகித்தார். 1949இல் அந்தச் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்ததும் அவருடைய உத்தியோகமும் முடிவுக்கு வந்தது. வேறு உத்தியோகம் தேட அவருக்குக் கல்வித் தகுதி இருந்தது. அவரோ சென்னைக்கு வந்து, எழுத்தையும் காமிராவையும் நம்பி வாழத் தொடங்கினார்.

கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் அவர் தொடங்கிய இயற்கைக் கட்டுரைப் பகுதி, 1996இல் அவர் மறையும் வரை 46 ஆண்டுகள் வெளிவந்தது. காட்டு யானைகளையும் காட்டெருதுகளையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். அழகுக்காக மட்டும் அவர் படம் எடுக்கவில்லை. தென்னாட்டுக் காடுகளில் எந்தப் பாலூட்டி எங்கே, எந்த நிலையில் வாழ்கிறது என்று ஆராய்ந்து எழுதவும் அவருக்குக் காமிரா துணை நின்றது. 1970இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

காப்பிக் கணக்கிலிருந்து கானகத்துக்கு

பிரேசில் நாட்டில் 1944இல் பிறந்த செபஸ்தியாவோ சால்கடோ ஒரு பொருளாதார வல்லுநர். லண்டனில் இருந்த சர்வதேசக் காப்பி நிறுவனத்தில் நல்ல பதவி வகித்தார். வேலை நிமித்தமாக ஆப்பிரிக்காவுக்குச் செல்லும்போது தம் மனைவி லேலியாவின் காமிராவையும் எடுத்துச் செல்வார். திரும்பி வந்தால், அலுவலக அறிக்கை எழுதுவதைவிட அந்தப் படங்களே அவருக்கு மகிழ்ச்சி தந்தன. கணவனும் மனைவியும் கலந்து பேசினார்கள். 1973இல் அவர் வேலையை விட்டார்.

ஆனால், அடுத்த நாளே அவர் காட்டுக்குப் போய்விடவில்லை! பல ஆண்டுகள் தொழிலாளரையும் அகதிகளையும் பஞ்சத்தில் வாடியோரையும் படம் எடுத்தார். மனிதத் துயரத்தைக் கண்டு கண்டு அவர் உள்ளம் சோர்ந்தது. அதன் பின்பே, 2004இல், காலபாகஸ் தீவுகளின் ராட்சத ஆமைகளிலிருந்து தொடங்கி, உலகில் கெடாமல் எஞ்சியுள்ள இடங்களையும் உயிர்களையும் படம் எடுக்கும் பெரும் பணியில் இறங்கினார். அதற்கு முன்பே, 1998இல், தம் தந்தையின் வறண்ட பண்ணையில் மீண்டும் காடு வளர்க்க அவரும் லேலியாவும் ஓர் அமைப்பை நிறுவியிருந்தனர். அங்கே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டுள்ளன. 2025 மே மாதம் அவர் காலமானார். படங்களோடு ஒரு காடும் அவர் பெயரைச் சொல்லி நிற்கிறது.

நம் காலத்தவர் இருவர்

பெங்களூரைச் சேர்ந்த கல்யாண் வர்மா பொறியியல் பட்டதாரி. யாஹூ கம்பெனியில் வேலை பார்த்தவர். 2004இல் அந்த வேலையை விட்டு, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டியுள்ள பிலிகிரி ரங்கன் மலைக்குச் சென்று தங்கினார். காட்டைக் காட்டிலேயே தங்கிக் கற்றுக்கொண்டார் என்று சொல்ல வேண்டும். அவரும் அமோகவர்ஷாவும் சேர்ந்து இயக்கிய 'வைல்டு கர்நாடகா' என்ற ஆவணப் படம் 2019இல் வெளிவந்தது. உலகப் புகழ் பெற்ற டேவிட் அட்டன்பரோ அதற்குக் குரல் கொடுத்தார்.

மாணவியராகிய நம்மை அதிகம் கவர்பவர் ரதிகா ராமசாமி. தேனிக்கு அருகில் பிறந்தவர். கணினிப் பொறியியலும் நிர்வாகவியலும் படித்து, மென்பொருள் துறையில் வேலை பார்த்தவர். ராஜஸ்தானில் உள்ள பரத்பூர் பறவைகள் பூங்காவுக்குச் சென்று படம் எடுத்தது அவரைப் பறவைகளின்பால் இழுத்தது. டில்லியை ஒட்டிய ஓக்லா பறவைகள் சரணாலயம் அவருக்குப் பயிற்சிக் கூடமாயிற்று. ஆண்களே நிறைந்திருந்த இந்தத் துறையில் முன்னணிக்கு வந்த முதல் இந்தியப் பெண்களுள் அவர் ஒருவர். பறவைகளைப் படம் எடுப்பது பற்றி 2010இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

பரத்பூர் என்றதும் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாணலும் நீரும் நிறைந்த அந்த இடம் ஒரு காலத்தில் மகாராஜாவின் வேட்டைக் களம். 1938 நவம்பர் 12ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபு விருந்தினராக வந்திருந்தபோது, அந்த ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்த எண் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. இன்று அதே இடம் தேசியப் பூங்கா. 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். துப்பாக்கி குறி பார்த்த இடத்தில் இன்று காமிரா குறி பார்க்கிறது. சுட்டால் பறவை விழும். படம் எடுத்தால் பறவை பறந்துகொண்டே இருக்கும்!

எளிய வேலையா?

காமிராவின் பொத்தானை அழுத்துவது ஒரு நொடி வேலை. அந்த நொடிக்காகக் காத்திருப்பது பல நாள் வேலை. பறக்கும் பறவையைத் தெளிவாகப் பிடிக்க, காமிராவின் திரை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமோ அதனினும் குறைவாகவோ திறந்து மூட வேண்டும். அதற்கு நல்ல வெளிச்சம் தேவை. உச்சிவெயில் நிழலைக் கறுப்பாக்கிவிடும் என்பதால் அதிகாலையும் மாலையுமே ஏற்ற வேளைகள். ஆகவே விடியுமுன் எழ வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். இல்லையேல் நம் வாடை மானுக்கு எட்டிவிடும். எந்தப் பறவை எந்த மாதத்தில் கூடு கட்டும், என்ன தின்னும், எப்போது சிறகை விரிக்கும் என்றெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதாவது, நல்ல புகைப்படக்காரர் முதலில் நல்ல உயிரியல் மாணவராக இருக்க வேண்டும்.

செலவும் கொஞ்சமன்று. தொலைவில் உள்ள விலங்கை அருகில் காட்டும் பெரிய லென்ஸ் ஒன்றின் விலை பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போவதுண்டு. அதன் எடையோ ஏறத்தாழ மூன்று கிலோ. இவ்வளவு செலவழித்து எடுத்த படத்தை விற்று மட்டும் வாழ்வது கடினம். எனவே இத்துறையினர் பத்திரிகைக்கு எழுதுவார்கள், நூல் வெளியிடுவார்கள், புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பார்கள், பயணிகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்வார்கள், ஆவணப் படம் எடுப்பார்கள். ஒரு சம்பளத்தை விட்டவர் பல சிறு வருமானங்களைத் தேடிக் கட்ட வேண்டியிருக்கிறது. தூக்கணாங்குருவி ஒவ்வொரு நாராகக் கொண்டுவந்து கூடு கட்டுவது போல என்று சொல்லலாம்.

காட்டுக்கும் சட்டம் உண்டு

மேலதிகாரி இல்லாத வேலை என்று இதை எண்ணிவிடக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் சென்று படம் எடுக்க அனுமதி பெற வேண்டும். அச்சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளுக்கோ கூடுகளுக்கோ தொந்தரவு தருவதும் அடங்கும். இதைப் படித்தபோது நாங்கள் வியந்தோம். கையில் துப்பாக்கி இல்லாவிட்டாலும், கூட்டை மறைக்கும் கிளையை வளைத்து ஒரு படம் எடுத்தால் அதுவும் வேட்டையாகிவிடக்கூடும்!

சட்டத்துக்கு அப்பால் நேர்மை என்று ஒன்றும் உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தொடர்புடைய உலகப் புகழ் பெற்ற வனவிலங்குப் புகைப்படப் போட்டியில், 2009இல் ஓநாய் வேலியைத் தாண்டும் படம் முதற்பரிசு பெற்றது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்க வேண்டும் என்று நடுவர்கள் கருதியதால், 2010இல் அப்பரிசு பறிக்கப்பட்டது. 2018இலும் அதே போட்டியில் பரிசு பெற்ற ஓர் எறும்புத்தின்னியின் படம், பதப்படுத்தப்பட்ட உடலை வைத்து எடுத்தது என்று கருதப்பட்டு நீக்கப்பட்டது. பொய்ப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் என்ன பயன்? காட்டைக் காணாதவர்களுக்குக் காட்டின் சாட்சியாக நிற்பதே இந்தப் படங்களின் பெருமை. சாட்சி பொய் சொல்லலாமா?

குடும்பமும் கனவும்

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். வேலையை விட்டது துணிச்சலா, பைத்தியமா?

இந்த நால்வரின் வாழ்க்கையையும் பார்த்தால், வேலையை உதறியது ஒரு நாள் கோபத்தில் நடந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் முதலில் நன்றாகப் படித்தவர்கள். வேலை பார்த்து அனுபவம் பெற்றவர்கள். சால்கடோவின் வாழ்வில் இருவர் சேர்ந்து எடுத்த முடிவு அது. கிருஷ்ணனின் தாவரவியல் அவருடைய எழுத்துக்கு உரமாயிற்று. படித்த படிப்பு எதுவும் வீண் போகவில்லை.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. வென்றவர்களின் பெயர்களே நமக்கு எட்டுகின்றன. வேலையை விட்டுச் சென்று, முடியாமல் திரும்பி வந்தவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. எங்களில் பலருடைய வீட்டில் ஒரே ஒரு சம்பளத்தில் அரிசியும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் நடக்கின்றன. நாளை எங்கள் முதற் சம்பளத்தை எதிர்பார்த்துத் தம்பி தங்கையர் இருப்பார்கள். அந்தச் சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறவள் கனவு இல்லாதவள் அல்லள். தன் கனவைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்கிறவள். அவளும் மதிப்புக்குரியவளே. அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்குப் போகலாம். வேலையை விடாமலே தொடங்கக்கூடிய கலை இது.

அதே சமயம், "பெண் பிள்ளைக்குக் காட்டில் என்ன வேலை?" என்ற ஒரு சொல்லால் மட்டும் எந்தக் கனவும் கருகிவிடக் கூடாது. பணம் இல்லை என்றால் அது காரணம். பாதுகாப்பு இல்லை என்றால் அதற்கு வழி தேடலாம். பெண் என்பது மட்டும் காரணம் ஆகாது. தேனிப் பக்கத்திலிருந்து சென்ற ஒருவர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

காமிரா வாங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை, தோழியரே! சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் கையில் காமிரா இல்லை. பறவைகளின்பால் அன்பு இருக்கிறது. நமக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். நம் பள்ளி மரங்களில் எந்தப் பறவை எப்போது வருகிறது, என்ன செய்கிறது என்று நாள்தோறும் குறித்து வைப்போம். பத்து ஆண்டுகள் கழித்து எங்களில் ஒருத்தி அலுவலகத்தில் இருக்கலாம், ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருக்கலாம், ஒருத்தி நாணற்காட்டில் இருக்கலாம். எங்கிருந்தாலும், பார்க்கத் தெரிந்த கண்களோடு இருப்போமாக!