இறைவனிடம் எதைக் கேட்கிறோம்?

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிவிட்டால் நம் ஆலயங்களில் மாணவர் கூட்டம் கூடிவிடும். பேனாவையும் தேர்வுச் சீட்டையும் தட்டில் வைத்து அர்ச்சனை செய்கிறோம். பத்துமலையில் நடைபெறும் கல்வி யாத்திரையில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து நடக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால், சந்நிதியில் கண்மூடி நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் நாம் எதைக் கேட்கிறோம்?

பெரும்பாலும், “எல்லாப் பாடத்திலும் ஏ கிடைக்க வேண்டும்” என்றுதான் கேட்கிறோம். கிடைத்தால் தேங்காய் உடைக்கிறோம். கிடைக்காவிட்டால், சாமி கைவிட்டுவிட்டார் என்று சிலர் கோவில் பக்கமே போவதில்லை. அப்படியானால் நாம் வைத்திருந்தது நம்பிக்கையா, பேரமா?

தேர்வில் தோற்ற மேதை

கணித மேதை சீனிவாச இராமானுஜனை நினைத்துப் பார்ப்போம். 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவருடைய குடும்பம் வழிபட்ட தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். தம் மனத்தில் தோன்றும் கணித உண்மைகள் தாயாரின் அருள் என்றே அவர் சொல்லி வந்தார்.

அத்தகையவருக்குத் தேர்வுகள் எளிதாக அமைந்தனவா? இல்லை. கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கவனிக்காததால், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் தேர்ச்சி பெறவில்லை. மற்றப் பாடங்களை ஒதுக்கியதில் நாம் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை. தோல்விக்குப் பிறகு அவர் வாழ்ந்த விதமே நமக்குப் பாடம்.

அவருடைய வழிபாடும் நிற்கவில்லை, உழைப்பும் நிற்கவில்லை. காகிதம் வாங்க வசதியில்லாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிவுகளைக் கடிதமாக அனுப்பினார்.

அருளும் பணிவும்

அந்தக் கடிதம் ஹார்டியை வியக்க வைத்தது. என்றாலும் அதில் இருந்தவை அனைத்தும் சரியல்ல. பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் தவறாக இருந்தன. ‘இது தெய்வம் தந்தது, யாரும் கேள்வி கேட்கக் கூடாது’ என்று இராமானுஜன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரோ 1914இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, ஹார்டியுடன் உழைத்து, ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920இல், 32 வயதில் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன்பும், நோயுற்ற நிலையிலேயே புதிய கண்டுபிடிப்புகளை ஹார்டிக்கு எழுதினார்.

அறிவு நம்முடையது என்று நினைத்தால் கர்வம் வரும்; ஒரு தோல்வியில் உடைந்துபோவோம். அறிவு நமக்கு அருளப்பட்டது என்று நம்பினால் பணிவு வரும். தவறை ஒப்புக்கொள்ள வெட்கமிருக்காது. தெரியாததைக் கேட்கத் தயக்கமிருக்காது. தோற்றாலும் மறுநாள் புத்தகத்தைத் திறக்கத் தெம்பிருக்கும். இதைத்தான் பெரியவர்கள் மெய்யறிவு என்கிறார்கள். சான்றிதழில் இது இடம்பெறாது. ஆனால் சான்றிதழ் கைகொடுக்காத நாளிலும் இது கைகொடுக்கும்.

மாணவர்களே, கோவிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ, நாம் எங்கு நின்று வேண்டினாலும் சரி. நல்ல தேர்ச்சி வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. அத்துடன் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போம்: ‘இறைவா, முடிவு எப்படி வந்தாலும் நேர்மையாக உழைக்கவும், தவறைத் திருத்திக்கொள்ளவும், கற்றதைப் பிறருக்குப் பயன்படுத்தவும் எனக்கு மனத்தைக் கொடு.’

பிறகு வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறப்போம். அதுவும் வழிபாடுதான்.