எண்ணெயை உடைத்தால் கிருமி ஒடுங்கும்

உணவும் கிருமியும் – தொடர் 11

பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. சால்மோனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா ஆகிய கிருமிகளால் மக்கள் நோயுறும் அபாயமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சென்னை அபிராமபுரத்தின் ஷவர்மா கடை முதல் சிற்றூரின் ரொட்டிக் கடை வரை எல்லோரையும் கட்டுப்படுத்திய அந்த ஆணை அவசியமான ஒன்று. ஆனால் உணவு தட்டுக்கு வரும் கடைசிக் கட்டத்தில்தான் அது காவல் நின்றது. கிருமி புறப்படும் இடமோ கோழியின் குடல். சால்மோனெல்லா என்டரைடிடிஸ் என்னும் வகை அங்கிருந்து சினைப்பைக்குப் பரவி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் குடியேறிவிடக் கூடியது. அப்படிப்பட்ட முட்டையின் ஓட்டை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. சென்னைக் கடைகளுக்கு வரும் முட்டைகளில் பெரும்பகுதி நாமக்கல் பண்ணைகளிலிருந்து வருகிறது. எனவே நம் தட்டைக் காக்கும் வேலை நாமக்கல் கோழியின் தீவனத்தில் தொடங்க வேண்டும். அதற்கு உதவக்கூடிய பொருள் நம் ஊரிலேயே விளைகிறது. அது நொதியால் உடைக்கப்பட்ட தேங்காய் எண்ணெய்.

‘உடைக்கப்பட்ட’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. செக்கிலிருந்தோ ஆலையிலிருந்தோ வரும் எண்ணெயில் ஏறத்தாழ ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கிளிசராலும் அதில் கோத்த மூன்று கொழுப்பு அமிலங்களுமாக இருக்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அதைவிடச் சிறிய கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள் இரண்டும் சேர்ந்து பத்து முதல் பதினெட்டு சதவீதம் வரை இருக்கும். கிளிசராலோடு கோத்துக் கிடக்கும்வரை இந்த அமிலங்களால் பாக்டீரியாவை ஒன்றும் செய்ய முடியாது. லைப்பேஸ் என்ற நொதி அந்தப் பிணைப்பை வெட்டும்போது தனி அமிலங்களும், ஒரே ஒரு அமிலம் ஒட்டிய மோனோகிளிசரைடுகளும் விடுபடுகின்றன. இவை பாக்டீரியாவின் மெல்லிய உறைக்குள் புகுந்து அதைக் குலைக்கின்றன. உள்ளே போன அமிலம் செல்லின் அமிலச் சமநிலையைக் கெடுக்கிறது. உறை கசிந்த பாக்டீரியா வளர முடியாமல் நின்றுவிடும், அல்லது மடியும்.

இதற்கான சான்று அரை நூற்றாண்டாகச் சேர்ந்து வருகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கபாராவும் உடன் பணியாற்றியவர்களும் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களுள் லாரிக் அமிலமே கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களுக்கு எதிராக முன்னின்றது. 2012-இல் அயர்லாந்தின் அத்லோன் தொழில்நுட்பக் கழகத்தினர், இயல்பான தேங்காய் எண்ணெயையும் செரிமானத்தைப் போலவே நொதியால் பதப்படுத்திய எண்ணெயையும் ஒப்பிட்டார்கள். பல் சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை வலுவாகத் தடுத்தது நொதி தொட்ட எண்ணெய்தான். இயற்கை இதே வழியை எப்போதோ கையாண்டுவிட்டது. தாய்ப்பாலில் லாரிக் அமிலம் உண்டு. கொழுப்பை உடைக்கும் லைப்பேஸும் அதே பாலில் உண்டு. குழந்தையின் வயிற்றில் கொழுப்பு உடையும்போது விடுபடும் பொருள்கள் கிருமிகளை எதிர்க்கின்றன. ஆகவே தேங்காய் எண்ணெயைக் குடித்தால் கிருமி சாகும் என்று சொல்பவர்கள் பாதி உண்மையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். எண்ணெய் எந்த இடத்தில், எவ்வளவு உடைகிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. நாம் குடிக்கும் எண்ணெய் உடைந்த கையோடு பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். லாரிக் அமிலமும் அதன் மோனோகிளிசரைடான மோனோலாரினும் ஸ்டெஃபைலோகாக்கஸ், லிஸ்டீரியா போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகளை அடக்கும். சால்மோனெல்லாவும் ஈ.கோலையும் வெளியே இன்னொரு உறை போர்த்த கிராம் நெகட்டிவ் வகை. லாரிக் அமிலம் அந்த உறையை எளிதில் கடப்பதில்லை. ஆட்சேபம் நியாயமானது. ஆனால் அதற்குப் பதிலும் அதே எண்ணெயில் இருக்கிறது. சங்கிலி குட்டையான கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள் அந்த வெளி உறையைத் தாண்டிச் செல்ல வல்லவை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்தச் சிறிய அமிலங்கள், குடல் சுவருக்குள் ஊடுருவ சால்மோனெல்லா பயன்படுத்தும் மரபணுவின் செயலையே தணிக்கின்றன என்று அது காட்டியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த காப்ராயிக் அமிலத்தை ஒரு கிலோ தீவனத்துக்கு 3 கிராம் என்ற அளவில் கலந்து குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, குடலிலும் உள்ளுறுப்புகளிலும் என்டரைடிடிஸ் குடியேறுவது குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. கிருமி முழுவதும் சாகாவிட்டாலும், குடலைத் தாண்டி உள்ளே போகாமல் தடுக்க முடிந்தால் முட்டைக்கு அதுவே பெரிய காப்பு.

இதை நேராக உணவிலேயே கலந்துவிடலாமே என்று கேட்கலாம். இரண்டு தடைகள் உள்ளன. உடைந்த தேங்காய் எண்ணெய் சோப்பு வாடை அடிக்கும்; நாக்கில் காறும். மேலும், உணவிலுள்ள புரதமும் கொழுப்பும் இந்த அமிலங்களைத் தம்மோடு பிணைத்துக்கொள்வதால், ஆய்வகத் தட்டில் தெரிந்த வீரியம் குழம்பிலோ மயோனைஸிலோ தெரிவதில்லை. இதே பொருளைச் சமையலறையை விட்டுப் பண்ணைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் வாதிடுவதற்கு இதுதான் காரணம். அங்கே வாடைக்கும் வழி உண்டு. 2002-இல் கென்ட் பல்கலைக்கழகத்தின் டியரிக், டெகூபெர் ஆகியோர், இத்தகைய சிறிய அமிலங்களைக் கொண்ட இடைநிலைச் சங்கிலிக் கொழுப்பை உடைக்காமலே லைப்பேஸோடு சேர்த்துப் பன்றிக் குட்டிகளின் தீவனத்தில் கலந்தார்கள். எண்ணெய் வயிற்றுக்குள் போன பிறகே உடைந்தது. தீவனத்தில் கலக்கும் ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாக அதை அவர்கள் முன்வைத்தார்கள்.

ஆன்டிபயாடிக் என்ற சொல்லை இங்கே கடந்துபோக முடியாது. வளர்ச்சிக்காக அதைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசி மருந்தாகக் காத்துவைக்க வேண்டிய கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மாற்றைக் காட்டாவிட்டால் பண்ணையாளரின் நிலை என்ன? கொழுப்பு அமிலங்களுக்கும் கிருமி பழகிவிடாதா என்றால், அந்த வாய்ப்பை முழுவதும் மறுக்க முடியாது, கண்காணிக்கத்தான் வேண்டும். ஆனால் இவை உறை முழுவதையும் பல வழிகளில் தாக்குவதால், ஒற்றை இலக்கைக் குறிவைக்கும் மருந்துகளைவிட எதிர்ப்புத் திறன் மெதுவாக வரும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. மனித நோய்க்கான மருந்து ஒன்று கைவிட்டுப் போகும் ஆபத்தும் இதில் இல்லை.

செலவு அடுத்த ஆட்சேபம். முட்டையிடும் கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். கென்ட் ஆய்வின் அளவைக் கொண்டு பார்த்தால் ஒரு கோழிக்கு 0.33 கிராம் அமிலம்; ஆயிரம் கோழிக்கு நாளுக்கு 330 கிராம். தேங்காய் எண்ணெய் விற்கும் விலைக்கு இது சிறு தொகையில்லை. அதிலும் சால்மோனெல்லாவைத் தடுக்கும் சிறிய அமிலங்கள் எண்ணெயில் ஒரு பங்குதான். ஆனால் சமையல் தரத்து எண்ணெயே வேண்டும் என்பதில்லை. எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலைகள், ஏற்கெனவே உடைந்து தனித்து நிற்கும் கொழுப்பு அமிலங்களைப் பிரித்து எடுத்துவிடுகின்றன. அது உபபொருளாகச் சோப்புத் தொழிலுக்குப் போகிறது. புகையில் உலர்த்திய கொப்பரையின் மாசுகள் அந்த உபபொருளில் சேர்ந்திருக்கலாம் என்பதால், சோதித்துச் சான்றளித்த சரக்கை மட்டுமே தீவனத்துக்கு அனுமதிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. கென்ட் ஆய்வு ஐந்து நாள் குஞ்சுகளில், தொற்றிய மூன்றாம் நாள் பார்த்த முடிவு. நாமக்கல் வெயிலில், ஓராண்டுக்கு மேல் முட்டையிடும் கோழியிடம் அதே பலன் கிடைக்கும் என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. நான் கேட்பது உடனடி உத்தரவை இல்லை, முறையான சோதனையை. அதற்கு வேண்டிய அறிவு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அபிராமபுரத்துக்குப் பக்கத்தில், அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தோலின் கொழுப்பை லைப்பேஸால் நீக்கும் ஆய்வில் அனுபவம் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு நாமக்கல்லிலேயே கல்லூரி இருக்கிறது. கொப்பரைக்குக் காங்கேயம் இருக்கிறது. இவை கைகோத்து, நொதி சேர்த்த தீவனத்தையும் சேர்க்காத தீவனத்தையும் அருகருகே வைத்து, முட்டைக்குள் கிருமியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முட்டையை நன்றாக வேகவைத்தால் முடிந்தது, இத்தனை பாடு எதற்கு என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். வேகவைப்பதைவிட உறுதியான காப்பு வேறில்லை. எந்த எண்ணெயும் அதற்கு ஈடாகாது. ஆனால் கலக்கியும் ஹாஃப் பாயிலும் நம் கடைகளில் நாள்தோறும் பரிமாறப்படுகின்றன. முட்டை உடைத்த கையும் கோழி வெட்டிய கத்தியும் பச்சைக் காய்கறியைத் தொடுகின்றன. பண்ணையிலேயே கிருமி குறைந்தால், அடுப்படியில் நேரும் சிறு கவனக்குறைவுக்கு ஒரு குழந்தை விலை கொடுக்க வேண்டிய வாய்ப்பும் குறையும். தடை ஆணைக்கு ஒதுக்கிய அக்கறையில் ஒரு பங்கைத் தீவன ஆய்வுக்கும் அரசு ஒதுக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: வெட்டுப்பலகையும் கத்தியும் – சமையலறையில் கிருமி இடம் மாறும் வழிகள்)