ஏரியை வெட்டினால் போதுமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் நிகழ்த்திய பேச்சு)

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் வட்டாரத்து உழவர்களுக்கு இன்றைக்கு ஒரு பழைய சேதி. பழசு என்றாலும் வருகிற கோடைக்கே பயன்படும்.

நம்ம கடலூர் மாவட்டத்தில் பெரிய ஏரி எது? காட்டுமன்னார்கோயில் பக்கம் சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற வீராணம்தான். முதலாம் பராந்தக சோழன் (907–955) காலத்தில் வெட்டியது. வீரநாராயணன் என்பது அவனுடைய பட்டப்பெயர். வீரநாராயணன் ஏரி வாய்வழக்கில் வீராணம் ஆயிற்று. கெடிலக்கரைத் திருநாவலூரில் படையோடு தங்கியிருந்த அவன் மகன் இராசாதித்தன், போர் இல்லாத நாளில் வீரர்களைக் கொண்டே இதை வெட்டினான் என்று சொல்வார்கள். கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாறு வழியாக வந்து ஏரியை நிரப்புகிறது. 34 மதகுகள் மூலம் சுமார் 45 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் போகிறது.

கரை போட்டுவிட்டால் மட்டும் ஏரி நிற்குமா? நிற்காது. தண்ணீரை வெளியே விடுகிற இடம்தான் முதலில் அரிக்கும். அதற்கு அந்தக் காலத்தார் கண்ட வழி குமிழித் தூம்பு. கரையிலிருந்து ஏரிக்குள் சற்றுத் தள்ளி ஒரு கல் தொட்டி கட்டினார்கள். அதன் மேல்மூடியில் ஒரு துளை. இரண்டு கல்தூண்களை நட்டு, நடுவிலே ஒரு கம்பை இறக்கி, அதன் நுனியில் உள்ள அடைப்பால் துளையை மூடினார்கள். கம்பைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கும்; கரைக்கு அடியில் போகிற கல் கால்வாய் வழியாக வயல் பக்கம் வந்துவிடும். கரையில் கை வைக்க வேண்டியதில்லை, தேவைப்பட்ட அளவு திறக்கலாம். இன்றைய ஷட்டர் மதகும் இதே வேலையைத்தானே செய்கிறது?

இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. அது ஏரியைக் காக்கிற ஏற்பாடு. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில் அதே பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கின்றன. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள்தான். முன்னே பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது, அவருடைய உறவுக்காரர் பெயரும் போகாது! ஏரிப் பராமரிப்புக்கு என்று தனியாக விட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர்.

அந்த முறையில் குறையும் இருந்தது. சொந்த நிலம், வீடு உள்ளவருக்கே அங்கே இடம். மண் சுமந்தவருக்கு இடமில்லை. அந்தக் குறையைத் தள்ளிவிட்டு, கணக்குக் காட்டுகிற நல்ல பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைகிற பாசன சங்கங்களுக்கும் உயிர் அதுதான். வரவு செலவை ஊர் நடுவே படித்துக் காட்டுங்கள். கடைமடைக்காரரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். தலைமடைக்காரர் மட்டும் பேசினால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராது.

அடுத்தது வண்டல். வீராணத்துக்கே செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மண்ணைக் கொண்டுவந்து தள்ளுகின்றன. நம்ம ஊர் ஏரி மட்டும் தப்புமா? ஒரு சாண் வண்டல் ஏறினால் ஏரியில் ஒரு சாண் தண்ணீர் குறைந்தது என்று அர்த்தம். கோடையில் ஏரி காய்ந்ததும் தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி வாங்கி வண்டல் எடுங்கள். கரையோரத்திலும் மதகு ஓரத்திலும் தோண்டக் கூடாது. பள்ளம் பறிக்காமல் சமமாக வெட்ட வேணும். எடுத்த மண்ணை முதலில் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உப்பு இல்லாவிட்டால், பண்ருட்டிப் பக்கத்து மணற்பாங்கான நிலத்துக்கும் செம்மண்ணுக்கும் அது நல்ல மருந்து. ஈரம் தாங்கும், உரமும் வீணாகாது.

வரத்து வாய்க்காலில் மண்டிய கோரையையும் ஆகாயத்தாமரையையும் ஆடிக்கு முன்னே வாரிவிடுங்கள். ஐப்பசியில் மழை கொட்டும்போது மண்வெட்டியைத் தேடிப் பயனில்லை. ஏரியை வெட்டிய ராஜா ஒருமுறைதான் வெட்டினான். அதற்குப் பிறகு ஆயிரம் வருஷமாக அதைக் காப்பாற்றி வந்தவர்கள் குடியானவர்கள். இந்த வருஷத்து முறை நம்முடையது.