சிற்றூரில் மின்வண்டிகளுக்கு மின்னேற்ற நிலையம்

மின்சாரத்தால் ஓடும் ஸ்கூட்டரும் ஆட்டோவும் நகரங்களைக் கடந்து நமது சிற்றூர்களுக்கும் வந்துவிட்டன. வீட்டில் வண்டி நிறுத்த இடமுள்ளவர் இரவில் அங்கேயே மின்னேற்றம் செய்துகொள்வர். தெருவோரம் நிறுத்துவோரும், வெளியூரிலிருந்து சந்தைக்கு வருவோரும் என் செய்வர்? அவர்களுக்குப் பொது நிலையம் அவசியமாகிறது. அதனை அமைக்கத் தீர்மானிக்குமுன் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிய வேண்டிய சில விஷயங்களை இங்கு விளக்குகிறோம்.

மூவகைச் சாதனங்கள்

முதலாவது, 3.3 கிலோவாட் வரை தரும் சாதாரண மின்னேற்றி. ஸ்கூட்டரின் பாட்டரி பெரும்பாலும் 2 முதல் 4 யூனிட் மின்சாரமே கொள்ளும். ஆதலால் இரு சக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் இதுவே போதும். நிரம்புவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும்.

இரண்டாவது, 7.4 கிலோவாட் மின்னேற்றி. 30 யூனிட் கொள்ளும் காருக்கு இதில் நாலைந்து மணி நேரம் ஆகும்.

மூன்றாவது, 30 கிலோவாட்டும் அதற்கு மேலும் தரும் விரைவு மின்னேற்றி. அதே காரை 20 சதவிகிதத்திலிருந்து 80 சதவிகிதத்துக்கு ஏற்ற சுமார் 40 நிமிஷம் போதும். ஆயின் பெரும்பாலான ஸ்கூட்டர்களை இதில் இணைக்க இயலாது.

பளுவைக் கணக்கிடுக

விரைவு மின்னேற்றியே மேலானது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 30 கிலோவாட் என்பது, 5 குதிரைத்திறன் கொண்ட ஆறேழு பம்பு செட்டுகள் ஒருசேர ஓடுவதற்குச் சமமான பளு. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் சக்தியில் அது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே பளு மிகுந்த டிரான்ஸ்பார்மரில் இதனையும் சேர்த்தால் மின்னழுத்தம் குறையும், விளக்குகள் மங்கும், மோட்டார்ச் சுருள் கருகும். காருக்கு வந்த வசதி குடியானவரின் பயிருக்கு இடையூறாகலாகாது. மாறாக, 3.3 கிலோவாட் மின்னேற்றிகள் நான்கும் ஒருங்கே இயங்கினாலும் பளு 13 கிலோவாட்டைச் சிறிதே தாண்டும்.

ஆகவே ஸ்கூட்டர் மிகுந்த ஊர்கள் சாதாரண மின்னேற்றிகளுடன் தொடங்குவதே சிக்கனம். நெடுஞ்சாலையையொட்டிய, கார்கள் மிகுதியாகக் கடந்து செல்லும் ஊர்களில் விரைவு மின்னேற்றி பயன்தரும். அதற்குத் தனி டிரான்ஸ்பார்மர் வைப்பது நலம்.

சட்டமும் வருமானமும்

மின்னேற்றம் செய்து தருவது ஒரு சேவையே, மின்சார விற்பனையன்று. அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என மத்திய மின்துறை அமைச்சகம் 2018ஆம் ஆண்டில் தெளிவாக்கியது. அரசு நிலத்தை நிலையம் அமைக்கத் தந்து, யூனிட்டுக்கு 1 ரூபாய் வீதம் வருமானம் பெறும் முறையை 2022ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் வகுத்தன. பஞ்சாயத்து தானே முதலீடு செய்யாமல் இடத்தை மட்டும் தரும் வழியும் இவ்வாறு உண்டு. காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சூரிய ஒளி நேரமாகக் கருதி, அப்போது குறைந்த கட்டணம் விதிக்க வேண்டுமென்று 2024ஆம் ஆண்டின் நெறிகள் கூறுகின்றன. சந்தைக்கு வருவோர் பகலிலேயே வருவதால் இது நமக்கு அனுகூலமே.

ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். உழவுக்கென அளிக்கப்படும் இலவச மின்னிணைப்பிலிருந்து வண்டிக்கு மின்னேற்றம் செய்தல் கூடாது. அவ்விணைப்பு பயிருக்கே உரியது.

இடமும் பாதுகாப்பும்

பஸ் நிலையம், வாரச்சந்தை, பஞ்சாயத்து அலுவலகம் ஆகியவற்றின் அருகில், மழைநீர் தேங்காத மேட்டில், கூரையுடன் நிலையம் அமைய வேண்டும். எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்படின் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதவை. நீட்டிப்புக் கம்பிகளை அனுமதிக்கலாகாது. யூனிட் கட்டணத்தை யாவரும் காணும்படி பலகையில் எழுதி வைத்தல் வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பாக, ஊரிலுள்ள மின்வண்டிகள் எத்தனை, டிரான்ஸ்பார்மரில் மீதமுள்ள சக்தி எவ்வளவு என்னும் இரு விவரங்களையும் மின்வாரியப் பொறியாளரின் துணையுடன் திரட்டுங்கள். அவற்றைக் கொண்டு எடுக்கும் தீர்மானம் ஊருக்கு நன்மையே பயக்கும்.