மூக்கு நீண்ட டாட்ஜ்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக டாட்ஜ் நிறுவனம் செய்த முக்கால் டன் லாரிகளில் இரண்டை அருகருகே நிறுத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒன்று டபிள்யூசி-51, மற்றது டபிள்யூசி-52. ஒரே எஞ்சின், ஒரே கியர்பாக்ஸ், ஒரே சக்கரம். ஆனால் முதலாவதன் நீளம் 4.24 மீட்டர், இரண்டாவதன் நீளம் 4.48 மீட்டர். கூடுதலான 24 சென்டிமீட்டரும் வண்டியின் மூக்கில் இருக்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு வின்ச் உட்கார இடம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்த நீட்டல்.

வின்ச் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பழனி மலைக்குப் போனவர்கள் எல்லோரும் அதற்கான வரிசையில் நின்றிருப்பார்கள். உருளையில் இரும்புக் கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பெட்டியை மேலே இழுக்கும் இயந்திரம். பழனியில் அது மலையோடு மலையாக, அசையாத அடித்தளத்தில் இருக்கிறது. லாரியில் கதை வேறு. கயிற்றின் நுனி தூரத்தில் ஒரு மரத்திலோ பாறையிலோ கட்டப்பட்டிருக்கும். இயந்திரம் வண்டியின் மேல் இருக்கும். மரம் அசையாது என்பதால் வண்டி மரத்தை நோக்கிச் சேற்றிலிருந்து ஊர்ந்து வரும். அப்படியானால் அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது எது? வின்சை வண்டியோடு பிணைத்திருக்கும் சில போல்ட்டுகளும், அவை போய்ப் பிடித்திருக்கும் சேசிஸும்தான்.

டாட்ஜ் பொறியாளர்களுக்கு இது தெரிந்திருந்தது. பம்பரின் மேல் ஒரு தகட்டை வைத்து வேலையை முடித்திருக்கலாம். அவர்கள் சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களையே நீளமாகச் செய்து, அவற்றுக்கு நடுவே வின்சை வைத்தார்கள். வின்ச் இல்லாத 51-ஐ இன்று வைத்திருப்பவர், அல்லது அதே காலத்து வேறு ஏதோ பழைய லாரியைத் தூசி தட்டி எடுத்தவர், அதில் வின்ச் மாட்ட ஆசைப்பட்டால் தொழிற்சாலை செய்ததைப் பட்டறையில் செய்தாக வேண்டும். வின்ச் கடையில் கிடைக்கும். புதிய வண்டிகளுக்கு அதைத் தாங்கும் பிடிப்பும் அளவெடுத்துச் செய்தது போலக் கிடைக்கும். எழுபது எண்பது வயது வண்டிக்கு அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு பளு வரும் என்பதிலிருந்து தொடங்கலாம். சேற்றில் சிக்கிய வண்டியை மீட்பது பற்றி அமெரிக்கத் தரைப்படையின் கையேடுகளில் ஒரு கணக்கு உண்டு. சக்கரம் மட்டும் புதைந்திருந்தால் வண்டியின் எடைக்குச் சமமான தடை. மட்கார்டு வரை இறங்கியிருந்தால் இரு மடங்கு. கேபின் வரை போய்விட்டால் மூன்று மடங்கு. சரக்கோடு 3.3 டன் வரும் ஒரு முக்கால் டன் லாரி மட்கார்டு வரை இறங்கினால் ஆறரை டன் இழுப்பு தேவை. வின்ச் வாங்குபவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் விதி, சரக்கோடு சேர்ந்த எடையைப் போல ஒன்றரை மடங்கு. இந்த வண்டிக்கு அது சுமார் ஐந்து டன். மீதியைக் கப்பி போட்டுக் கயிற்றை இரட்டித்துச் சமாளிப்பார்கள்.

வின்சின் மேல் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. உருளையில் கயிறு ஒரே ஒரு சுற்று அடுக்கு இருக்கும்போது கிடைக்கும் இழுவை அது. அடுக்கு ஏற ஏற உருளை பருக்கிறது, மோட்டாரின் பிடி குறைகிறது. கயிறு முழுக்கச் சுற்றியிருக்கும்போது எழுதிய எண்ணில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கலாம். ஆனால் பிடிப்பைச் செய்பவருக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. அவர் முழு எண்ணுக்கும் அதற்கு மேலும் தயாராக இருக்க வேண்டும்.

இனி சேசிஸுக்கு அடியில் போவோம். வேலையில் பாதி இங்கேதான், அதுவும் கம்பி பிரஷ்ஷும் சுத்தியலுமாக. பழைய லாரியின் நீளச் சட்டம் பெரும்பாலும் ‘ப’ எழுத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்தது போன்ற சேனல். அதன் உள்பக்கம் மண்ணையும் நீரையும் பல காலம் சேர்த்து வைத்திருக்கும். இரண்டு தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த இடங்களில் துரு உள்ளேயே வளர்ந்து, தகடுகளைப் பிரித்துத் தள்ளியிருக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும் பொருள். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு மணி போலச் சொல்லும், கெட்டது மண்சட்டி போலச் சொல்லும். ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம், முன் கமான் பட்டை கோத்திருக்கும் இடம், ரிவெட் துளைகளின் ஓரம் ஆகிய மூன்றிலும் மயிரிழை விரிசல்களைத் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குச் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளிப்பார்கள். விரிசலுக்குள் ஒளிந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசியும். கடைசியாக, சேசிஸ் நேராக இருக்கிறதா என்று மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லையென்றால் வண்டி எப்போதோ எதன் மேலோ மோதியிருக்கிறது. அதன் மேல் வின்ச் மாட்டுவது பிறகு. முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

சேசிஸ் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, எதில் மாட்டுவது? பலர் கைவைப்பது பம்பரில். பழைய லாரியின் பம்பர் பார்க்கக் கனமாக இருக்கும். ஆனால் அதைச் சேசிஸோடு பிடித்திருக்கும் காதுகள் பின்னால் தள்ளும் மோதலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. டன் கணக்கில் முன்னால் பிடித்து இழுப்பதை அவை எதிர்பார்த்ததே இல்லை.

இன்னொரு தவறு உயரத்தில் நடக்கிறது. வின்ச் அழகாகத் தெரிய வேண்டும் என்று பம்பருக்கு மேலே தூக்கி வைப்பார்கள். கயிறு புறப்படும் கோடு சேசிஸின் நடுக்கோட்டைவிட 15 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்று கொள்வோம். இழுப்பு 3,400 கிலோ என்றால் அது சேசிஸின் நுனியை 510 கிலோகிராம்-மீட்டர் அளவுக்கு வளைக்கப் பார்க்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள கடப்பாரையைச் சேசிஸில் பற்றவைத்து, அதன் மறுமுனையில் அரை டன்னைத் தொங்கவிட்டதற்குச் சமம். வின்சை இரண்டு சட்டங்களுக்கும் நடுவே இறக்கிவிட்டால் இந்த வளைப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். 52-இன் வடிவத்துக்குள் இருக்கும் புத்திசாலித்தனம் இதுதான்.

பக்க இழுப்பும் உண்டு. மரம் எப்போதும் வண்டிக்கு நேர் எதிரே முளைத்திருப்பதில்லை. கயிறு 30 டிகிரி சாய்ந்து போனால் இழுப்பில் சரிபாதி பக்கவாட்டில் தள்ளும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சட்ட நுனிகளையும் குறுக்கே இணைக்கும் உறுப்பு பலவீனமாக இருந்தால், செவ்வகம் மெல்லச் சாய்சதுரம் ஆகும். ஆகவே வின்ச் தகடே ஒரு குறுக்குச் சட்டமாக, இரண்டு பக்கச் சட்டங்களையும் அகலமாகப் பிடிக்கும்படி அமைய வேண்டும். அதன் பக்கத் தகடுகள் சேசிஸின் ஓரமாகப் பின்னோக்கி ஓடி, முடிந்தால் தொழிற்சாலை போட்ட முதல் குறுக்குச் சட்டம் வரை போக வேண்டும்.

அந்தப் பக்கத் தகட்டைச் சேசிஸோடு பிணைக்க எங்கே துளை போடுவது? லாரிக்கு பாடி கட்டும் நாமக்கல் பட்டறைகளைக் கவனித்தவர்களுக்குப் பாதி விடை தெரியும். மேலே உட்காரும் பாடியைச் சேசிஸோடு யூ-போல்ட் போட்டு அணைத்துக் கட்டுவார்கள். சேனலின் மேல்விளிம்பில் ஓட்டை போட மாட்டார்கள். காரணம் எளியது. சட்டம் பளுவில் வளையும்போது மேல்விளிம்பும் கீழ்விளிம்பும்தான் அதிகமாக இழுபடும், நெரிபடும். நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கும். விளிம்பில் போடும் துளை விரிசலுக்கு விடும் அழைப்பு. ஆகவே துளைகள் சேனலின் நிற்கும் முகத்தில், விளிம்புகளிலிருந்து தள்ளி, நடுவை ஒட்டி வர வேண்டும். ஏற்கெனவே இருக்கும் துளைகளைப் பயன்படுத்த முடிந்தால் இன்னும் நல்லது. கேஸ் வெட்டியால் ஊதிப் போடுவது துளையே அல்ல, காயம்.

வெல்டிங் பற்றிக் கேட்டால் பட்டறைக்குப் பட்டறை பதில் மாறும். என் கட்சி போல்ட். அக்காலத்து இலகு லாரிகளின் சேசிஸ் பெரும்பாலும் சாதாரண மென் எஃகு. திறமையான கை அதைப் பற்றவைக்கலாம். பிற்காலக் கனரக லாரிகளின் சட்டங்கள் சூடேற்றிக் குளிர்வித்து வலுவூட்டப்பட்டவை. அவற்றில் வெல்டிங் பட்ட இடத்தில் அந்த வலு போய்விடும் என்பதால் பல நிறுவனங்கள் சட்டத்தின் மேலேயே எச்சரிக்கை ஒட்டி அனுப்புகின்றன. பற்றவைத்தே தீர வேண்டுமென்றால், வலுவூட்டும் தகட்டின் முனையை நேராக வெட்டாமல் மீன்வால் போலவோ சாய்சதுரம் போலவோ சரித்து வெட்டுவார்கள். நேர்வெட்டு முனையில் வலுவான பகுதி சட்டென்று முடிந்து மெலிந்த பகுதி தொடங்கும். முறிவு அந்தக் கோட்டில்தான் வரும்.

போல்ட்டின் தலையைப் படிக்கக் கற்றுக்கொள்வதும் நல்லது. 8.8 என்று பொறித்திருந்தால், முதல் எண் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாது என்கிறது. இரண்டாவது எண், அதில் 80 சதவீதத்தில், அதாவது 640-இல், நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்கிறது. தலையில் எதுவும் எழுதாத போல்ட் கதவுக் கீலுக்கு ஆகும், இதற்கு ஆகாது. சரியாக இறுக்கிய போல்ட் ஆணி போலக் குறுக்கே நின்று தடுப்பதில்லை. இரண்டு தகடுகளையும் நெரித்துப் பிடிக்கிறது. உராய்வுதான் பளுவைத் தாங்குகிறது. எனவே இரண்டு தகடுகளுக்கு நடுவே தடித்த பெயின்ட் இருந்தால் அது நாளடைவில் நசுங்கி இறுக்கம் தளரும். சேசிஸ் பெட்டி வடிவில் மூடியிருந்தால் இன்னொரு சங்கடம்: போல்ட்டை இறுக்க இறுக்கப் பெட்டியின் சுவர்கள் உள்ளே குழியும். அதற்கு உள்ளே ஒரு குழாய்த் துண்டை வைத்து, போல்ட்டை அதன் வழியாக விடுவார்கள்.

வின்ச் உட்காரும் தகடு குறைந்தது ஆறு மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். 8,000 முதல் 12,000 பவுண்ட் வரையிலான பெரும்பாலான மின்சார வின்சுகளுக்கு நான்கு துளைகளின் இடைவெளி ஒன்றே: 254 மில்லிமீட்டருக்கு 114.3. தகடு சமதளமாக இருப்பது கனத்தைவிட முக்கியம். ஒரு பக்கம் மோட்டாரும் மறுபக்கம் கியர்ப் பெட்டியும் நடுவில் உருளையுமாக இருக்கும் இயந்திரம் இது. தகடு முறுக்கிக்கொண்டால் மூன்றும் ஒரே கோட்டில் நிற்காது, உருளை கடிக்கும், கையால் கயிற்றை உருவினால் வராது.

பழைய வண்டியின் மின்சாரம் தனித் தலைவலி. டபிள்யூசி வண்டிகளில் ரேடியோ வைத்தவற்றைத் தவிர மற்றவை 6 வோல்ட். கடையில் வாங்கும் வின்ச் 12 வோல்ட். முழுப் பளுவில் 400 ஆம்பியர் வரை குடிக்கும். பழைய டைனமோ அதன் தாகத்தில் பத்தில் ஒரு பங்கைத் தீர்த்தாலே பெரிது. ஆகவே 12 வோல்ட்டுக்கு மாறி, ஆல்டர்னேட்டர் போட்டு, கட்டைவிரல் தடிமனில் கேபிள் இழுத்தாக வேண்டும். அன்றைய 52-க்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் வின்ச் எஞ்சினிலேயே ஓடியது. கியர்பாக்ஸின் பக்கத்திலிருந்து ஒரு தண்டு முன்னால் போய் உருளையைத் திருப்பியது. அந்தத் தண்டில் மெலிந்த உலோகத்தில் ஒரு பின் இருக்கும். பளு அளவுக்கு மீறினால் அது முறிந்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். அடிக்கடி முறிகிறதே என்று அங்கே கடினமான போல்ட்டைச் செருகுபவர்கள் இன்றும் உண்டு. அடுத்த முறை முறிவது கியரா, கயிறா, சேசிஸா என்பது பிறகுதான் தெரியும்.

வின்சும் தகடும் சேர்ந்து 60 கிலோவைத் தாண்டும். அது முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால் கமான் பட்டை தன் பங்குக்கு மேலேயே உணரும். பழைய பட்டை என்றால் மூக்கு தாழ்ந்துவிடும். ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் வின்ச் கொஞ்சம் மறைக்கும். நம் ஊரில் செய்பவர்களுக்குச் சட்டச் சிக்கலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதைக் காட்டித்தான் 2017 டிசம்பரில் மத்திய அரசு முன்பம்பர் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொன்னது. போர்க்கால வண்டியின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.

எல்லாம் மாட்டிய பிறகு, போல்ட் தலையிலிருந்து தகட்டுக்கும், தகட்டின் ஓரத்திலிருந்து சேசிஸுக்கும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். கயிற்றின் மேல் ஒரு கனத்த போர்வையைப் போட்டுவிட்டு, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முதலில் லேசாக, பிறகு கொஞ்சம் கூட்டி, மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். பிறகு கயிற்றைத் தளர்த்திவிட்டு டார்ச்சோடு அடியில் படுத்து ஒவ்வொரு கோடாகப் பார்ப்பார்கள். ஏதாவது ஒரு கோடு தகட்டின் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் விலகி நின்றாலும், அன்றைக்கு வின்ச் மறுபடி கீழே இறங்கும்.