கியாஸ், கரண்டு, பட்டாசு... வீட்டுக்கும் தீ பாதுகாப்பு விதி உண்டு: சேலம், நாமக்கல் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சேலம்,

தீயணைப்பு விதி என்றால் தியேட்டருக்கும் ஜவுளிக்கடைக்கும்தான், நாம குடியிருக்கிற வீட்டுக்கு எதுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சமீப ஆண்டுகளில் ஊரையே உலுக்கிய தீ விபத்துகளில் 3 விபத்துகள் குடியிருப்பு வீடுகளில் நடந்தவை.

2020-ம் ஆண்டு செப்டம்பரில் சேலம் குரங்குச்சாவடி அருகே நரசோதிப்பட்டியில் வீடு தீப்பிடித்து ஒரே குடும்பத்தை சேர்ந்த 5 பேர் பலியானார்கள். 2021-ம் ஆண்டு நவம்பர் 23-ந்தேதி காலையில் சேலம் கருங்கல்பட்டியில் ஒரு வீட்டில் கியாஸ் சிலிண்டர் வெடித்தது. ஒட்டி ஒட்டி இருந்த வீடுகள் இடிந்து விழுந்து 5 பேர் உயிரிழந்தனர். அதில் ஒருவர் தீயணைப்பு துறை அதிகாரி. 2022-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி அதிகாலையில் நாமக்கல் மாவட்டம் மோகனூரில் வீட்டில் வைத்திருந்த பட்டாசு வெடித்து 4 பேர் இறந்தார்கள். பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மூதாட்டியும் அதில் ஒருவர்.

நம் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தாலும் போதாது, பக்கத்து வீட்டிலும் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் கருங்கல்பட்டியிலும் மோகனூரிலும் நடந்தது.

எந்த வீட்டுக்கு தடையில்லா சான்று?

தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு முதல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் அமலில் உள்ளன. இதன்படி 18.30 மீட்டருக்கு மேல் உயரமான கட்டிடங்கள் தீயணைப்பு துறையிடம் தடையில்லா சான்று வாங்கியே ஆக வேண்டும். ஒரு மாடி, இரண்டு மாடி வீட்டுக்கு அந்த சான்று தேவையில்லை.

அப்படியானால் சின்ன வீட்டுக்கு விதியே இல்லையா? இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. கட்டிட வரைபட அனுமதி மாநகராட்சியிடம், கரண்டு மின்வாரியத்திடம், கியாஸ் எண்ணெய் நிறுவனத்திடம், பட்டாசு வெடிபொருள் சட்டத்தில் என்று பிரிந்து கிடக்கிறது. தீ அபாயம் உள்ள இடத்தில் முன்னெச்சரிக்கை ஏற்பாடு செய்யச் சொல்லி உரிமையாளருக்கு உத்தரவிட 1985-ம் ஆண்டு தமிழ்நாடு தீயணைப்பு சட்டத்தில் வழி இருக்கிறது.

வீட்டை சுற்றி காலி இடம் விட வேண்டும் என்று வரைபட அனுமதியில் சொல்வது காற்று, வெளிச்சத்துக்கு மட்டும் அல்ல. ஒரு வீட்டு தீ அடுத்த வீட்டுக்கு தாவாமல் இருக்கவும், தீயணைப்பு வீரர் பைப்பை பிடித்துக்கொண்டு பின்பக்கம் போகவும்தான். நம் ஊரில் நடப்பது என்ன? அனுமதி வாங்கும்போது காலி இடம் காட்டுவார்கள். ஆறு மாதம் கழித்து அதன்மேல் தகர சீட் போட்டு சமையல்கட்டு ஆக்கிவிடுவார்கள். குகை, அம்மாபேட்டை, செவ்வாய்பேட்டை பகுதிகளில் பல சந்துகளில் தீயணைப்பு வண்டி திரும்பவே முடியாது. அந்த சந்திலும் இரண்டு பக்கமும் பைக் நிற்கிறது.

வாடை வந்தால் சுவிட்சை தொடாதீங்க

சமையல் கியாஸ் காற்றைவிட கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாக பரவி மூலைமுடுக்கில் தங்கும். ராத்திரி ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு படுத்தால் விடியும் வரை சேர்ந்துகொண்டே இருக்கும். விடிந்ததும் லைட் சுவிட்சை போட்டாலே போதும், அந்த பொறியில் வீடு வெடித்துவிடும். கியாசுக்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்றுதான் வாடை வரும் ரசாயனத்தை கலக்கிறார்கள்.

அழுகின முட்டை மாதிரி வாடை வந்தால் லைட்டை போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். பேனும் அப்படித்தான். கதவு, ஜன்னலை திறந்து, ரெகுலேட்டரை மூடி, அதை கழற்றி சிலிண்டர் வாய்க்கு மூடி போட வேண்டும். எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். கியாஸ் கசிவுக்கு என்றே உள்ள எண் இது. போனையும் வெளியே வந்துதான் எடுக்க வேண்டும்.

சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கம்பி வலை வைத்த ஆரஞ்சு கலர் டியூப்பை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டியூப்புக்கு மேல் துணி சுற்றுவது, பிளாஸ்டிக் உறை மாட்டுவது எல்லாம் விரிசலை மறைக்கும் வேலை.

சிலிண்டரின் மேல்பிடியை தாங்கும் பட்டையின் உள்பக்கம் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் வருடமும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். ஏ-27 என்று இருந்தால் 2027 மார்ச்சுக்குள் அந்த சிலிண்டரை மறுசோதனை செய்ய வேண்டும் என்று அர்த்தம். தேதி தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம்.

கொலுசு பட்டறை நடத்துபவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு தரும் 14.2 கிலோ சிலிண்டரை பட்டறையில் பற்றவைப்புக்கு பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். தொழிலுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் தனியாக இருக்கிறது. விலை கட்டுப்படியாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் முன்னறையில் பட்டறை, பின்னறையில் குழந்தைகள் தூங்கும் வீடுகள் சேலத்தில் ஏராளம். பிடிபட்டால் வழக்கு, பற்றிக்கொண்டால் உயிர்.

மின்கசிவு என்பது என்ன?

வீடு தீப்பிடித்தால் மறுநாள் செய்தியில் மின்கசிவு காரணம் என்று வரும். அதற்கு பின்னால் இருப்பது பெரும்பாலும் பழைய ஒயர்தான். 20 வருடத்துக்கு முன் 2 பேன், 4 டியூப்லைட்டுக்காக போட்ட ஒயரில் இன்று ஏ.சி., வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாம் ஓடுகிறது. ஒயர் சூடாகி மேல்தோல் உருகும். அதற்குள் பியூஸ் போயிருக்க வேண்டும். பியூசில் தடித்த செப்புக்கம்பியை சுற்றி வைத்திருந்தால் அது போகாது, வீடுதான் போகும்.

அளவான எம்.சி.பி. இருந்தால் லோடு கூடும்போது தானாக விழும். ஆர்.சி.டி. என்ற கருவி கரண்டு கசிந்தால் துண்டிக்கும். புது இணைப்புக்கு இதை பொருத்தச் சொல்கிறது மின்வாரியம். பழைய வீட்டுக்காரர்களும் மாட்டிக்கொள்ளலாம். இரண்டும் ஒன்று அல்ல, இரண்டும் வேண்டும். ஏ.சி.க்கு தனி லைன் இழுக்க வேண்டும். வீட்டோடு தறி ஓட்டுபவர்கள் சுவிட்ச் போர்டு, மோட்டார் மேல் படியும் பஞ்சு தூசியை தினமும் தட்டிவிட வேண்டும்.

இப்போது எலக்ட்ரிக் பைக் வேறு வந்துவிட்டது. வேலூரில் 2022 மார்ச்சில் சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் பைக் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி தந்தையும் மகளும் இறந்தார்கள். லைன் வீடுகளில் மாடிப்படிக்கு அடியில்தான் சார்ஜ் போடுகிறார்கள். மேலே இருப்பவர்கள் இறங்கி வர இருப்பது அந்த ஒரே படி.

பட்டாசுக்கு லைசென்ஸ் கடைக்குத்தான்

பட்டாசு கடை லைசென்ஸ் அதில் குறிப்பிட்ட இடத்துக்கு மட்டுமே செல்லும். தீபாவளி, புத்தாண்டு வியாபாரத்துக்காக வீட்டில் பெட்டி பெட்டியாக அடுக்கினால் குற்றம். பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீசில் சொல்லலாம். சொந்தக்காரர், தெரிந்தவர் என்று பார்த்துக்கொண்டு இருந்தால் மோகனூர் கதிதான்.

பூட்டு எங்கே, சாவி எங்கே?

திருட்டு பயத்தில் கிரில் கேட்டுக்கு 2 பூட்டு போட்டுவிட்டு சாவியை பீரோவில் வைக்கிறார்கள். புகை சூழ்ந்தால் இரண்டு, மூன்று நிமிடத்தில் கண்ணும் தெரியாது, மூச்சும் விட முடியாது. சாவி கதவு பக்கத்திலேயே, வெளியில் இருந்து கை எட்டாத ஆணியில் தொங்க வேண்டும். சின்ன பிள்ளைகளுக்கும் அந்த ஆணி தெரியவேண்டும். புகை வந்தால் நடக்காமல் தவழ்ந்து வரவேண்டும், கீழேதான் கொஞ்சம் காற்று இருக்கும். எண்ணெய் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை அணைத்து தட்டு போட்டு மூடினால் அடங்கிவிடும்.

தீயணைப்பு துறையை அழைக்க 101 அல்லது 112. தீயை அணைக்க காசு கிடையாது. போனில் தெருப்பெயரோடு பக்கத்தில் உள்ள கோவில், ரேஷன் கடை என்று அடையாளம் சொல்லிவிட்டு, ஒருவர் தெருமுனையில் போய் நிற்க வேண்டும்.

இழப்பீடு உண்டு

கியாஸ் இணைப்பு உள்ள வீடுகளுக்கு எண்ணெய் நிறுவனங்களே இன்சூரன்ஸ் எடுத்துள்ளன. தனியாக பிரீமியம் கிடையாது. சிலிண்டர் விபத்தில் உயிரிழந்தால் ஒருவருக்கு ரூ.6 லட்சம், சிகிச்சைக்கு ஒருவருக்கு அதிகபட்சம் ரூ.2 லட்சம், பதிவு செய்த முகவரியில் வீடு, பொருள் சேதத்துக்கு அதிகபட்சம் ரூ.2 லட்சம் வரை கிடைக்கும். விபத்து நடந்ததும் கியாஸ் ஏஜென்சிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தீயணைப்பு துறை அறிக்கை, போலீஸ் எப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரி ரசீதுகளை பத்திரமாக வைக்க வேண்டும். வீடு மாறியவர்கள் கியாஸ் புத்தகத்தில் முகவரியை மாற்றாமல் விட்டிருந்தால் பொருள் சேதத்துக்கு பணம் வாங்குவதில் சிக்கல் வரும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை உடனே சரிபார்த்துக்கொள்வது நல்லது.